பன்னிரண்டு நிமிடம் பார்த்த படம்

'வாசலில் ஐந்து ஜோடி' என்ற அந்தப் பேய்ப்படத்தை நான் பன்னிரண்டு நிமிடம்தான் பார்த்தேன். மீதி நேரம் முழுக்க தியேட்டர் வராந்தாவில் நின்று சோளப்பொரி தின்றுகொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீடியோ கேம்களைப் பற்றிப் போன வருடம் வந்த ஒரு கனமான புத்தகத்தில் என் படத்தைப் போட்டு, "அச்சத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர்" என்று எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் பிடித்துக்கொண்டிருந்தது வராந்தாக் கம்பியை.

1986, ஆகஸ்ட் மாதம். ஒசாகா வெயிலில் வெந்துகொண்டிருந்தது. பேய்ப்படங்கள் எல்லாம் அந்த மாதத்தில்தான் வரும். பார்க்கிறவர்களுக்கு முதுகு கொஞ்சம் சில்லிடட்டும் என்று. நான் போனது பேய்க்காக இல்லை, தியேட்டரில் குளிர்சாதனம் இருந்ததற்காக.

படம் மிக எளிமையாகத்தான் தொடங்கியது. ஒரு வாடகை வீடு. அப்பா, அம்மா, பெண், சின்னப் பையன் என்று நான்கு பேர். காலையில் அம்மா வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுகிறாள். ஐந்து ஜோடி இருக்கின்றன. ஐந்தாவது, சாம்பல் நிறத் துணிச்செருப்பு. மற்ற நான்கும் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்க, அது மட்டும் வீட்டைப் பார்த்து இருக்கிறது. மறுநாள் காலையிலும் எண்ணுகிறாள். அது ஒரு சாண் உள்ளே நகர்ந்திருக்கிறது.

அவ்வளவுதான். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. நான் எழுந்துவிட்டேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி முழங்காலை ஒதுக்கி வழிவிட்டபோது, "வயிறு சரியில்லைங்க" என்றேன். அவர் என்னை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

வராந்தாவில் படத்தின் விளக்கப் புத்தகம் விற்றார்கள். பயந்து வெளியே வந்தவன் என்று விற்கிற பெண் நினைத்துவிடக் கூடாதே என்று ஒன்று வாங்கினேன். அதில் பாதிக் கதை இருந்தது. மீதியை மூடிய கதவு வழியாகக் காதால் கேட்டேன். எல்லாரும் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் நான்கு முறை வந்தது. அதையும் விளக்கப் புத்தகத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்; ஏன் என்று இன்றுவரை தெரியாது.

அப்போது எனக்கு வயது இருபத்தேழு. பெயர் இனுசுகா. ஒசாகாவின் நிப்பொன்பாஷிப் பகுதியில், தூசி உறிஞ்சும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு கேம் கம்பெனியில் திட்டம் எழுதுபவன். கதை, நிலைகள், எதிரிகள், விதிகள் எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளில் எழுதிக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன் மூன்று திட்டம் எழுதியிருந்தேன். ஒன்று மீன்பிடிக் கேம். நிஜம் போல இருக்கட்டும் என்று, மீன் சராசரியாக நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கடிக்கும்படி வைத்திருந்தேன். மற்ற இரண்டையும் சொல்லாமல் விடுவது எனக்கு நல்லது.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமைக் காலை முதலாளி சுஜிமோத்தோ எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். முன்பு மின்சார அரிசிக் குக்கர் விற்றவர். இன்னமும் எதைப் பேசினாலும் சோறு வேகிற ஒரு பொருளை விற்கிற குரலில்தான் பேசுவார்.

"ஒரு நல்ல சேதி. 'வாசலில் ஐந்து ஜோடி' படத்தை கேமாப் பண்றதுக்கு நமக்கு உரிமை கிடைச்சிருக்கு. யாரு யாரு பாத்தீங்க?"

யாரும் கை தூக்கவில்லை. முதலாளியின் பார்வை வரிசையாக வந்து, மீன்பிடிக் கேமை நினைத்துக்கொண்டு என் மேல் நின்றது. என் கை தானாக மேலே போனது.

"நான் பாத்தேன், முதலாளி."

"எப்படி இருந்துச்சு?"

"உட்காரவே முடியல."

அது பொய் இல்லை என்பதில் எனக்கு இன்றும் ஒரு சின்னத் திருப்தி. முதலாளி தொடையில் தட்டினார். "அப்ப நீதான் எழுதற. எத்தன தடவ பாத்த?"

கூட்டத்தில் எங்கள் ஓவியர், ஓரிபே என்ற பெண்ணும் இருந்தார். என்னைவிட ஏழு வயது மூத்தவர், அதனால் மரியாதைக்கு 'ஓரிபே சான்' என்பேன். திரையில் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் ஒரு மனிதனின் களைப்பை வரைந்துவிடக்கூடியவர். அவர் முன்னால் 'ஒரு தடவை' என்று சொல்ல எனக்கு என்னவோ போல இருந்தது.

"மூணு தடவ" என்றேன்.

அடுத்த மூன்று வாரத்தில் நான் எழுதிய திட்டம் எழுபது பக்கம். அதை இப்போது நினைத்தால் காது சூடாகிறது. பேய்க்கு நான்கு அடி நீள நாக்கு வைத்தேன். அதற்கு மூன்று உயிர். ஒவ்வொரு உயிரும் பத்து அடி தாங்கும். ஆயுதம் என்ன என்று முதலாளி கேட்டார்.

"செருப்பு. வாசல்லதான் நிறைய கிடக்குதே. அப்பா எடுத்து எறிவார்."

"அப்படிப் போடு. பேய செருப்பால அடிக்கறதுன்னா பசங்க வரிசையில நின்னு வாங்குவாங்க."

மொத்தம் ஏழு நிலைகள். வாசல், சமையலறை, குளியலறை, மாடி, மொட்டைமாடி, தோட்டம், எரிமலை.

ஓரிபே திட்டத்தைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். "இனுசுகா, வாடகை வீட்டுல எரிமலை எங்க இருக்கு?"

"குளியலறைக்கு அடியில."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"எல்லா கேம்லயும் கடைசியில நெருப்பு நிலை ஒண்ணு வருது, ஓரிபே சான். இல்லன்னா வாங்கறவங்க குறையா நெனப்பாங்க."

அவர் நாக்கின் அளவை மட்டும் மறுபடி கேட்டுவிட்டுப் போனார்.

நிரல் எழுதும் குவபாராவும் ஒரு எச்சரிக்கை கொடுத்தான். எங்கள் காலத்து கேம் பெட்டிக்கு ஒரு வரம்பு உண்டு. திரையில் ஒரே கிடைவரிசையில் எட்டுத் துண்டுப் படங்களைத்தான் அது காட்டும். ஓர் ஆள் உருவத்துக்கு அகலவாக்கில் இரண்டு துண்டு வேண்டும். ஆக நான்கு பேர் ஒரே வரிசையில் நிற்கலாம். ஐந்தாவதாக ஒருவர் வந்து நின்றால், பட்டியலில் கடைசியாக இருப்பவர் திரையில் தெரியாமல் போய்விடுவார்.

"ஒரே வரிசையில நாலு பேருக்கு மேல நிக்க வெக்காத. எழுதித் தர்றேன், மறந்துடாத" என்று ஒரு தாளில் எழுதி என் மேசையில் ஒட்டினான். நான் அதன் மேல் டீக்கோப்பையை வைத்துக்கொண்டேன். நல்ல தடித்த தாள்.

அக்டோபரில் படக் கம்பெனி வீடியோ கேசட் அனுப்பியது. வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் சேர்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. அன்றைக்கு எனக்குப் பல்வலி வந்தது. அடுத்த வாரம் மறுபடி போட்டார்கள். ஹிமெஜியில் இருக்கும் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அம்மா அன்று காலையில்தான் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, முள்ளங்கி அனுப்பியிருப்பதாகச் சொல்லியிருந்தார். எடுத்தது ஓரிபே.

"உங்கம்மா குரல் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அவர் மறுநாள். "அஞ்சு நிமிஷம் சிரிச்சுப் பேசினாங்க. நீ இந்தப் படத்தப் பாக்கல, இல்ல?"

"பாத்தேன்."

"எவ்வளவு?"

"பன்னிரண்டு நிமிஷம்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"மத்தியானம் கூட்ட அறைக்கு வா. ஜன்னல எல்லாம் திறந்து வெக்கறேன். சத்தத்த மூடிடலாம். நீ சுவத்தப் பாத்து உக்காரு. நான் பாத்துச் சொல்றேன்."

அப்படியே நடந்தது. மதிய வெயில் அறைக்குள் வந்தது. கீழே யாரோ தூசி இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் இரைச்சல். ஓரிபே ஒரு கிண்ணம் உடோன் நூடுல்ஸை வைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார். நான் மடியில் ஒரு திண்டை அணைத்துக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்து உட்கார்ந்தேன். அந்த மாதப் படம் ஒரு அணை. அதன் ஒவ்வொரு மதகும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"சாப்பாட்டு நேரம்" என்றார் ஓரிபே, நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே. "எல்லாரும் மேசைக்குப் பின்னால வரிசையா உக்காந்திருக்காங்க. அம்மா சோறு போடறா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சு. அஞ்சாவது கிண்ணத்தயும் வெச்சுட்டா. யாரும் ஒண்ணும் கேக்கல."

"பேய் எங்க?"

"இல்ல."

"அப்புறம்?"

"அப்பா அஞ்சாவது கிண்ணத்த ஒரு தடவ பாத்துட்டு, ஊறுகாய அந்தப் பக்கம் தள்ளி வெக்கறாரு. எட்டட்டும்னு."

திண்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன். சத்தம் இல்லை, படம் இல்லை, முதுகில் வெயில் அடிக்கிறது, பின்னால் ஒருவர் நூடுல்ஸ் சாப்பிடுகிறார். இருந்தும் என் கையில் மயிர் எழுந்து நின்றது.

இப்படியே ஒரு மணி நேரம் போனது. பேய் எப்போது வரும் என்று நான் ஒன்பது தடவை கேட்டேன். ஒன்பது தடவையும் "வரல" என்றார்.

"கடைசியிலயாவது வருமா?"

"வராது. படம் முடிஞ்சிருச்சு. கடைசியில வாசல காட்டறாங்க. நாலு ஜோடிதான் இருக்கு."

"அப்பாடா. போயிடுச்சா."

"நாலுல ஒண்ணு சாம்பல் நிறம்" என்றார் ஓரிபே. "சின்னப் பையனோட செருப்பக் காணோம்."

நான் காலண்டரில் அணையின் மதகுகளை எண்ணினேன். பிறகு எழுபது பக்கத் திட்டத்தின் நினைவு வந்தது. நான்கு அடி நாக்கு. மூன்று உயிர். எரிமலை. படத்தில் ஒரு இடத்திலும் காட்டப்படாத பேயை ஓரிபே அதற்குள் பதினாறு விதமாக வரைந்து முடித்திருந்தார். நான் கேட்டேன் என்பதற்காக.

"ஏன் அப்பவே சொல்லல, ஓரிபே சான்?"

"மூணு தடவ பாத்தவன்கிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

அன்று மாலையே முதலாளியிடம் போய், பேயை எடுத்துவிடலாம் என்றேன்.

"பேய் இல்லாத பேய் கேமா? குக்கர் வாங்கினவன் தெறந்து பாத்தா உள்ள பானையே இல்லங்கற மாதிரி இருக்கு."

"படத்துல பேய் வராது, முதலாளி."

"மூணு தடவ பாத்துட்டு இத இப்பத்தான் கவனிச்சியா?"

கடைசியில் ஒரு நடுவழிக்கு வந்தோம். பேய் இருக்கும், ஆனால் நாக்கு இருக்காது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண ஆளாக ஓரிபே வரைவார். செருப்பு எறிவதை மட்டும் முதலாளி விட்டுத் தரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை படத்தின் டைரக்டர் மிசோயே நேரில் வந்து பார்ப்பதாக இருந்தது. அதற்குள் சாப்பாட்டுக் காட்சி ஒன்றையாவது ஓடவைக்க வேண்டும். நான் புதிய தாளில் எழுதினேன்: அப்பா, அம்மா, பெண், பையன் மேசைக்குப் பின்னால் ஒரே வரிசையில். பேய் வாசல் வழியாக உள்ளே வந்து அதே வரிசையில் உட்காரும். எழுதும்போது கோப்பையைத் தூக்கி டீ குடித்தேன். அடியில் இருந்த தாளை ஒருமுறை பார்த்தேன் என்றுகூட நினைவு. மறுபடி கோப்பையை வைத்துவிட்டேன்.

மிசோயே அறுபது வயதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். முழங்கையில் ஒட்டுப் போட்ட கம்பளிச் சட்டை. பேய்ப்படம் எடுக்கிறவர் எப்படி இருப்பார் என்று நான் நினைத்திருந்தேனோ அப்படி இல்லை. தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர் போல இருந்தார். எட்டுப் பேருக்கும் எண்ணி எட்டு மஞ்ஜு இனிப்பு வாங்கி வந்திருந்தார்.

முதலில் திட்டத்தைப் புரட்டினார். பழைய பக்கங்களை நான் முழுதாக எடுத்திருக்கவில்லை.

"இந்த எரிமலை யாரு வீட்டுல இருக்கு?"

"அது இவன் யோசனை" என்றார் முதலாளி உடனே, என் தோளைத் தொட்டு.

டைரக்டர் ஒரு பென்சிலை எடுத்து எரிமலையின் மேல் மெல்ல ஒரு கோடு போட்டார். பிறகு கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார், தலைகீழாக. ஓரிபே அதைத் திருப்பிக் கொடுத்தார்.

திரையில் வீடு வந்தது. நான்கு பேர் மேசைக்குப் பின்னால். அம்மா கிண்ணம் வைத்தாள். வாசல் திறந்தது. சாம்பல் உடை அணிந்த உருவம் ஒன்று நடந்து வந்து, வரிசையின் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தது.

சின்னப் பையன் காணாமல் போனான்.

குவபாரா கண்ணை மூடிக்கொண்டான். அவசரத்தில் பேயைப் பட்டியலின் முதலில் போட்டிருந்தான், பையன் கடைசி. மேசையில் நான்கு பேர் இருந்தார்கள். பையன் இருந்த இடத்தில் அவன் கிண்ணம் மட்டும் இருந்தது. அப்பாவும் அம்மாவும் அக்காவும் தலையை ஆட்டி ஆட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களுக்கு வைத்திருந்த ஒரே அசைவு அதுதான்.

டைரக்டர் கன்ட்ரோலரை மடியில் இறக்கி வைத்தார்.

"கொழந்த எங்க?" என்றார்.

"அது வந்து, டைரக்டர்..." குவபாரா தொடங்கினான். டைரக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். பொத்தானைத் தேடி அழுத்தினார். அப்பா எழுந்து ஒரு அடி கீழே நடந்தார். பையன் மறுபடி வந்தான். அப்பா திரும்பி மேசைக்குப் போனார். பையன் மறைந்தான். இந்த முறை அக்காவை எழுப்பினார். பையன் வந்தான். அக்காவை உட்காரவைத்தார். பையன் இல்லை.

இப்படிக் கால் மணி நேரம் செய்தார்.

"யாராவது ஒருத்தர் எழுந்து போனாத்தான் கொழந்த இருக்கும்" என்றார் தனக்குத்தானே. பிறகு எங்களைப் பார்த்தார். "இத நான் படத்துல யோசிக்கல. யாரு யோசிச்சது?"

யாரும் யோசிக்கவில்லை. ஒருவன் எழுதிக் கொடுத்த எச்சரிக்கையின் மேல் இன்னொருவன் டீ வைத்தான், அவ்வளவுதான். ஆனால் முதலாளி குக்கர் விற்றவர்.

"இந்த இனுசுகாதான். உங்க படத்த எட்டுத் தடவ பாத்தவன்."

மூன்று எப்போது எட்டானது என்று தெரியவில்லை. டைரக்டர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு ஆர்வம் வந்தது. அது என்னைக் குற்ற உணர்வில் தள்ளியது.

"எட்டுத் தடவயா? அப்ப ரெண்டாவது பாதியில மழை வர்ற காட்சி. அது நீளம்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு எப்படிப் பட்டுச்சு?"

ஓரிபே மழையைப் பற்றிச் சொல்லியிருந்தார். சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் எட்டு மஞ்ஜு எண்ணி வாங்கி வந்தவர்.

"டைரக்டர், நான் உங்க படத்தப் பாக்கல. பன்னிரண்டு நிமிஷம் பாத்தேன். அதுக்கு மேல பயமா இருந்துச்சு, வெளிய போயிட்டேன். மீதி இவங்க சொல்லக் கேட்டது. இந்தக் கொழந்த மறையறதும் நான் யோசிச்சது இல்ல. பெட்டியோட வரம்பு. குவபாரா சொன்னான், நான் கேக்கல."

முதலாளி கூரையைப் பார்த்தார். மீன்பிடிக் கேம் எழுதியவனை அன்றே அனுப்பியிருக்கலாம் என்று அவர் நினைத்தது எனக்குக் கேட்டது.

டைரக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்தார்.

"பன்னிரண்டாவது நிமிஷம்னா எது? எந்த இடத்துல எழுந்தீங்க?"

"அம்மா ரெண்டாவது தடவ எண்ணும்போது. அந்தச் செருப்பு கொஞ்சம் உள்ள வந்திருக்குமே, அங்க."

"சரியா அங்கயா?"

"சரியா அங்கதான். மன்னிச்சிருங்க."

"உங்க போன் எங்க இருக்கு?" என்று கேட்டு எழுந்தார்.

போலீசைக் கூப்பிடப் போகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் டோக்கியோவில் இருக்கும் தன் தயாரிப்பாளரைக் கூப்பிட்டார். "நான்தான். முதல் இருபது நிமிஷம் சப்புனு இருக்கு, வெட்டுங்கன்னு உயிர வாங்கினீங்களே. இங்க ஒரு வாலிபன் பன்னிரண்டாவது நிமிஷத்துலயே ஓடியிருக்கான். ஆமா, நல்ல உடம்போட இருக்கான், இருபத்தஞ்சு முப்பது வயசு. இருங்க, அவனயே பேசச் சொல்றேன்."

ரிசீவரை என் கையில் கொடுத்தார். முகம் தெரியாத ஒரு தயாரிப்பாளரிடம், என் முதலாளியும் எட்டுப் பேர் அலுவலகமும் பார்த்திருக்க, நான் எப்படிப் பயந்து ஓடினேன் என்று இரண்டு தடவை விளக்கமாகச் சொன்னேன். பக்கத்து இருக்கைப் பெண்மணியிடம் வயிறு சரியில்லை என்று சொன்னதையும் டைரக்டர் சொல்லவைத்தார். அதற்கு அவர் மிகவும் சந்தோஷப்பட்டார்.

கிளம்பும்போது, "அந்தக் கொழந்த விஷயத்த மாத்தாதீங்க" என்றார். அவர் வாயால் சொன்ன ஒரே திருத்தம் அதுதான்.

எங்கள் கேம் 1987 மார்ச்சில் வந்தது. மேசை வரிசையிலிருந்து யாரை எழுப்பி வேறு அறைக்கு அனுப்புவது என்பதே விளையாட்டாக ஆனது. தனியாகப் போகிறவருக்கு அங்கே என்ன ஆகுமோ என்பது ஆடுகிறவரின் கவலை. பையன் நீண்ட நேரம் மறைந்திருந்தால் திரும்ப வரமாட்டான்; அதைக் குவபாரா சேர்த்தான். செருப்பை எறியவும் முடியும். அது போய்ச் சுவரில் பட்டு 'டப்' என்று விழும். யார் மேலும் படாது. முதலாளி அட்டைப்பெட்டியில் பெரிதாக, 'செருப்பை எறிந்து விரட்டு' என்று போட்டுவிட்டார்.

வந்த இரண்டாம் நாளிலிருந்து தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. கேம் கேசட் கெட்டுப்போயிருக்கிறது, பையன் தெரியவில்லை, மாற்றித் தாருங்கள் என்று. பதில் சொல்லும் வேலை யாருக்கு வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"கோளாறு இல்லீங்க. அதுதான் கேம்" என்பேன்.

"செருப்பு ஒண்ணுமே செய்யலையே?"

"செய்யாதுங்க."

"பின்ன எதுக்கு இருக்கு?"

"மனசுக்கு ஒரு ஆறுதலுக்கு."

ஒருவர் என்னை மோசடிக்காரன் என்றார். ஒருவர், தன் மாமனாரைப் போலவே பேசுகிறேன் என்றார். அது எனக்கு இன்னமும் புரியவில்லை.

மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், அமகசாகியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். நாற்பது வயதுக் குரல். பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"கேசட்ட மாத்தக் கேக்கலீங்க. ஒரே ஒரு சந்தேகம். வீட்டு வேலை முடிஞ்சதும் நான்தான் ஆடறேன், வீட்டுல வேற யாரும் ஆடறதில்ல. யார எழுப்பினா அந்தச் சின்னப் பையன் தப்பிப்பான்?"

"யார எழுப்பினாலும் தெரிவான்ங்க. ஆனா எழுந்து போறவங்க தனியா ஆயிடுவாங்க."

"அப்பாவ அனுப்பினேன். மாடிக்குப் போனவரு திரும்பல. மறுபடி முதல்லேருந்து ஆடி அக்காவ அனுப்பினேன். மனசு கேக்கல, பாதியில நிறுத்திட்டேன்."

"அம்மாவ அனுப்பிப் பாத்தீங்களா?"

அவர் இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"அம்மாவ எங்க நிக்க வெக்கறது?"

நான் எழுதிய கேம்தான். ஆனால் இரண்டாம் நிலைக்கு மேல் சத்தத்தோடு ஆடியதில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வாசல்ல நிக்க வெச்சுப் பாருங்களேன்."

"அதுவும் சரிதான்" என்றார். "நானா இருந்தாலும் அங்கதான் நிப்பேன்." நன்றி சொல்லி வைத்துவிட்டார். பெயரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மதியத்துக்கு முன்னால் குவபாராவிடம் இதைச் சொன்னேன். அவன் புருவத்தைச் சுருக்கினான்.

"வாசல்லயா? அந்த வழிய நாம சோதிக்கவே இல்ல."

பெட்டியைப் போட்டோம். ஓரிபேயும் வந்து நின்றார். அம்மாவை மேசையிலிருந்து எழுப்பி, வாசல் கட்டத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தோம். அப்பா, அக்கா, பையன் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல் கதவு திறந்தது. யாரும் வரவில்லை. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். கதவு திறந்தே இருந்தது.

"அது வர்ற கட்டத்துல அம்மா நிக்கறா" என்றான் குவபாரா. "எடம் காலியாகற வரைக்கும் காத்திருன்னு எழுதியிருக்கேன். அவ நகர்ற வரைக்கும் அது உள்ள வராது."

"எவ்வளவு நேரம்?" என்றார் ஓரிபே.

"நகரலன்னா வரவே வராது. நிலையும் முடியாது. இது கோளாறு. அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம்."

ஓரிபே கன்ட்ரோலரை மேசையில் வைத்தார். "சாப்பிட்டு வந்து பாப்போம்" என்றார். மூவரும் கீழே போய் உடோன் சாப்பிட்டோம். திரும்பி வந்தபோது அம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அமகசாகிப் பெண்மணியிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, எண் இல்லை.

அடுத்த பதிப்பு வரவில்லை. முதல் பதிப்பே கிடங்கில் பாதி தங்கியது. முதலாளி அதைப் பற்றி என்னிடம் பேசியதைவிட அந்த எரிமலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார். அது இருந்திருந்தால் விற்றிருக்கும் என்று கடைசி வரை நம்பினார். ஓரிபே மறு வருடம் ஒரு கண் டாக்டரைத் திருமணம் செய்துகொண்டு கோபேக்குப் போனார். அவரிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருந்தது. திருமண விருந்தில் சொல்வது பொருத்தமாக இருக்காது என்று கடலிறாலைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்த வியாழக்கிழமை மாலை, வேலை முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யார் அணைப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆளாளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதாகச் சொல்லி நழுவினார்கள். திட்டம் எழுதியவன் நான் என்பதால் எனக்கு வந்தது.

திரைக்கு முன்னால் போய் நின்றேன். கதவு திறந்திருந்தது. பதினாறு புள்ளி அகலமுள்ள அம்மா முதுகைக் காட்டி நின்றிருந்தாள். இரண்டு தடவை பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோய் எடுத்துவிட்டேன். பிறகு காலைச் சேர்த்து வைத்து, இடுப்பை வளைத்து நன்றாகக் குனிந்தேன்.

"ரொம்ப நேரம் நின்னுட்டீங்க. போதும், வேல முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அணைத்தேன்.

நிமிர்ந்து திரும்பினால், மறந்துபோன குடையை எடுக்க வந்த குவபாரா கதவருகே நின்றிருந்தான். அவன் குடையை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் காலை நான் வருவதற்குள் கீழே தூசி இயந்திரக் கடை வரைக்கும் எல்லாரிடமும் சொல்லியிருந்தான்.